தோட்டத்துச் சாளையை இடிக்கும் முன்: பரம்பரைப் பண்ணையின் மதிப்பை எழுதிவைப்பது எப்படி

எங்கள் தோட்டத்துச் சாளையின் (தோட்டத்து வீட்டின்) வாசற்கால் மேற்கட்டையில் 'யுவ ௵ தை ௴', அதாவது யுவ வருஷம் தை மாதம், என்று உளியால் செதுக்கியிருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்துக்கு முந்தைய தையில் குடிபுகுந்த வீடு என்று அப்பா சொல்வார். அவர் நான்கு வயதில் தகப்பனை இழந்தவர். ஊரார் சொன்னதைக் கேட்டு வளர்ந்தவர். தாது வருஷம் பிறந்தது 1876 சித்திரையில். அதற்கு முந்தையது யுவ. ஆகவே வீட்டுக்கு வயது நூற்று ஐம்பது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். முப்பது ஆண்டுகள் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த நானும் நம்பினேன். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை ஏனோ நினைத்துப் பார்க்கவில்லை. 1936 ஜனவரியில் பிறந்த தையும் யுவ வருஷத்துத் தைதான்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் இருக்கிறது எங்கள் தோட்டம். அப்பா உயில் எழுதாமல் போய்விட்டதால் அண்ணன், தம்பி, நான் என்று மூன்று பங்கு. ஓடு ஒழுகுகிறது, சுவர் அரிக்கிறது, இடித்துவிட்டுப் பங்கு பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தது. நான் மூன்று மாதத் தவணை கேட்டேன். இடிப்பதானால் எதை இடிக்கிறோம் என்று தெரிந்து இடிப்போம் என்றேன். அந்த மூன்று மாதங்களில் நான் செய்ததையும், செய்திருக்க வேண்டியதையும் இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், இடிக்க ஆள் பேசும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

இட்டேரியிலிருந்து தொடங்குங்கள்

எல்லோரும் முதலில் வீட்டுக்குள் போய்த் தூணையும் கதவையும் படம் எடுக்கிறார்கள். பண்ணை என்பது வீடு மட்டும் இல்லை. ஒரு நோட்டும் பென்சிலும் எடுத்துக்கொண்டு இட்டேரி (இருபுறமும் வேலியுள்ள வண்டிப்பாதை) முனையிலிருந்து நடந்து வாருங்கள். வேலி, கடவு, கொரங்காடு (மேய்ச்சல் நிலம்), கிணறு, வாய்க்கால், களம், தட்டுப்போர் போட்ட மேடு, கட்டுத்தரை (மாடு கட்டும் இடம்), ஆட்டுப்பட்டி, பொடக்காலி (புழக்கடை), கடைசியாகச் சாளை. எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று குறியுங்கள். ஏன் அங்கே இருக்கிறது என்பது ஒருநாள் நடையில் விளங்காது. மூன்று நான்கு முறை, காலையிலும் மாலையிலும் நடந்தால் விளங்கும்.

கட்டுத்தரை சாளைக்குக் கிழக்கே சற்றுத் தாழ்வாக ஏன் இருக்கிறது என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் புரிந்தது. தளத்துக் கற்கள் மூலையை நோக்கி ஒரு சாண் சாய்ந்திருக்கின்றன. மாட்டுக் கோமியம் அந்தச் சாய்வில் ஓடி எருக்குழியில் விழும். எருக்குழியிலிருந்து தோட்டத்துக்கு வண்டித்தடம் நேராகப் போகிறது. அந்தக் கற்களைப் பெயர்த்துச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால், ஒரு பண்ணை தன் எருவைத் தானே சேர்த்த விதம் யாருக்கும் தெரியாமல் அழிந்திருக்கும்.

எங்கள் பக்கத்துக் கொரங்காட்டையும் கட்டடத்துக்கு இணையாகக் கணக்கில் சேருங்கள். கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் முள்கிளுவை வேலி. அந்த உயிர்வேலியை ஒருவர் நட்டு, பல தலைமுறை கவாத்து செய்து நெருக்கமாக்கியிருக்கிறது. காங்கேயம் மாடுகள் வளர்ந்த நிலம் இதுதான். பொக்லைன் வைத்தால் அரை நாளில் போய்விடும். எந்த மரபுப் பட்டியலிலும் வேலிக்கு இடம் கிடைப்பது அபூர்வம். ஆகையால் உங்கள் பட்டியலிலாவது இருக்கட்டும்.

அளப்பது

30 மீட்டர் நாடா ஒன்றும், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஒரு பிள்ளையும் போதும். அறையின் நான்கு பக்கங்களை அளந்தால் மட்டும் போதாது. இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து எழுதுங்கள். மூலைவிட்டங்கள் சமமாக இல்லையென்றால் அறை கோணலாக இருக்கிறது. பழைய வீட்டில் கோணல் சும்மா வராது. ஒட்டிக் கட்டிய சுவராக இருக்கும், அல்லது பின்னால் சேர்த்த அறையாக இருக்கும். எங்கள் ஆசாரத்துக்கு (கூடத்துக்கு) தெற்கிலுள்ள அறையில் ஒரு மூலைவிட்டம் மற்றதைவிட ஏழு அங்குலம் நீளம். அந்த அறையின் சுவரும் ஆசாரத்துச் சுவரும் ஒன்றோடொன்று பின்னாமல் வெறுமனே ஒட்டி நிற்பதை அதன் பிறகே பார்த்தேன்.

சுவர்த் தடிமன், செங்கல்லின் நீள அகல உயரம், கதவின் அளவு எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒரு செங்கல்லை மட்டும் அளக்காதீர்கள். வெவ்வேறு சுவரில் பத்துப் பத்தாக அளந்தால் எந்தச் சுவர் எதனோடு சேர்ந்து கட்டப்பட்டது என்பது தானாகப் பிரிந்து தெரியும். புகைப்படம் எடுக்கும்போது ஒவ்வொரு அறையிலும் நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொன்று எடுங்கள். பக்கத்தில் ஓர் அடி ஸ்கேலை வையுங்கள். அன்றைக்கே தேதியும் இடமும் எழுதிவிடுங்கள். மறுவாரம் பார்த்தால் எல்லா அட்டாலியும் (பரணும்) ஒரே மாதிரித்தான் தெரியும்.

வயதைக் கண்டுபிடிப்பது

இந்த இடத்தில் பொறுமை வேண்டும். பெருமைக்காக வயதைக் கூட்டுகிறவர்கள் நம் வீட்டிலேயே இருப்பார்கள்.

டார்ச் எடுத்துக்கொண்டு அட்டாலிக்கு ஏறுங்கள். சீமை ஓட்டின் அடிப்பக்கத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருக்கும். பாசல் மிஷன் என்ற கிறித்தவ மிஷனரி அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியது 1865-ஆம் ஆண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு அந்தத் தொழிற்சாலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் கைக்கு மாறின. ஆகவே ஓட்டில் காமன்வெல்த் என்ற பெயர் இருந்தால் அது அதற்குப் பிந்தையது. ஓட்டில் ஓர் ஆண்டு பொறித்திருந்தால் அதை உடனே வீட்டின் ஆண்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனம் தொடங்கிய ஆண்டையும் பொறிப்பது உண்டு.

எங்கள் ஓட்டில் இருந்தது காமன்வெல்த் முத்திரை. ஆனாலும் அது முடிவான சான்று ஆகாது. கூரையை இடையில் மாற்றியிருக்கலாம் அல்லவா? அண்ணன் அதைத்தான் சொன்னார், நியாயமான கேள்விதான். பதில் இரும்புப் பெட்டியில் இருந்தது. 1931-இல் அப்பாருவும் (தாத்தாவும்) அவர் தம்பியும் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினைப் பத்திரம். அதில் எங்கள் பங்காக வந்தவை: 'கூரைச் சாளை ஒன்று, கல் பாவிய கட்டுத்தரை ஒன்று, கல்கட்டுக் கிணற்றில் பாதியும் கவலை ஒன்றும்'. (கவலை என்பது மாடு பூட்டி, சால் என்னும் பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீரை இறைக்கும் அமைப்பு.) ஓட்டு வீடு என்ற சொல்லே அதில் இல்லை. சாளை 1936-இல் கட்டியதுதான். ஆனால் நாங்கள் யாரும் திரும்பிப் பார்க்காத கிணறும் கட்டுத்தரையும் அதற்கு மூத்தவை.

ஒரே சான்றை நம்பாதீர்கள். நிலைப்படி எழுத்து, ஓட்டு முத்திரை, பத்திரம் மூன்றும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தால் மட்டும் ஆண்டை உறுதியாக எழுதுங்கள். சேராவிட்டால் 'இதற்குப் பின், இதற்கு முன்' என்று எழுதிக்கொள்ளலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

பத்திரம் வீட்டில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போடுங்கள். கணினியில் பெரும்பாலும் 1975 முதல்தான் கிடைக்கும். அதற்கு முந்தையதைப் பழைய புத்தகங்களில் தேடித் தரச் சொல்லித் தனியாக மனுக் கொடுக்க வேண்டும். 1980களில் நில ஆவணங்களைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவுகளில் சர்வே எண்கள் உட்பிரிவாகி மாறியிருக்கும் என்பதால் பழைய எண்ணையும் இன்றைய எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். பத்திரம் கிடைத்ததும் செக்குபந்தியை (நான்கெல்லை விவரத்தை) வரி விடாமல் படியுங்கள். 'மாமூல் வண்டித்தடம்', 'கிணற்று முறை', 'வாய்க்கால் பாத்தியம்' போன்ற சொற்களில்தான் பண்ணை எப்படி ஓடியது என்பது இருக்கிறது.

கிணறு சொன்னது

எங்கள் கிணற்று மேட்டில் கவலைக் கல்தூண்கள் இரண்டு நிற்கின்றன. உருளையின் அச்சு சுழன்ற துளைகள் வட்டமாக இல்லை. மாடு இழுத்த பக்கமாகத் தேய்ந்து கோழிமுட்டை வடிவத்தில் இருக்கின்றன. விரலை விட்டுத் தடவினால் அந்த ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி போல வழுவழுப்பு. எத்தனை ஆயிரம் சால் தண்ணீர் ஏறியிருந்தால் கருங்கல் இப்படித் தேயும்!

தூணிலிருந்து மாடுகள் இறங்கிப் போகும் சரிவை அளந்தேன். 38 அடி. கவலையில் மாடு எத்தனை அடி நடக்கிறதோ அத்தனை அடிதான் சால் மேலே ஏறும். ஆகவே அந்தச் சரிவு, அன்றைக்குத் தண்ணீர் எத்தனை ஆழத்தில் இருந்தது என்பதன் அளவுகோல். இன்று அதே தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு 900 அடிக்குப் போயிருக்கிறது. நிலத்தடி நீரைப் பற்றி நான் வகுப்பில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன்; இந்த 38 அடி மண்ணைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை. தம்பி அந்தச் சரிவை மூடிச் சமன் செய்து தென்னை வைக்கலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தவன். அளந்து காட்டிய பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

மின்சார மோட்டார் வந்து கவலை நின்ற ஆண்டு தெரிந்தால் அதையும் எழுதுங்கள். பைக்காரா மின்நிலையம் 1932-லும் மேட்டூர் அணை 1934-லும் வந்த பிறகு கொங்குநாட்டுத் தோட்டங்களுக்குக் கம்பி வர ஆரம்பித்தது. ஒவ்வொரு ஊருக்கும் வந்த காலம் வேறு. மோட்டார் அறைச் சுவரிலோ பழைய மின்கட்டண அட்டையிலோ அந்த ஆண்டு அகப்படும்.

உழைத்தவர்களைக் கேளுங்கள்

வீட்டுக்காரர்கள் சொல்லும் வரலாற்றில் வீட்டுக்காரர்கள் மட்டுமே இருப்பார்கள். கவலைக்குத் தோல் தைத்தவர் யார்? கிணறு வெட்டியவர்கள் எந்த ஊர்? களத்தில் சோளம் அடித்தவர்கள், தானியம் சேர்த்துவைக்கும் தொம்பைக்குச் சாணி மெழுகிய பெண்கள், மாடு மேய்த்த சிறுவர்கள் யார் யார்?

எங்கள் தோட்டத்துக்குத் தோல் தைத்தவரின் மகன் இன்னும் இருக்கிறார். எண்பது வயது தாண்டியவர். அவரைக் கூப்பிட்டனுப்பாமல் நானே அவர் வீட்டுக்குப் போனேன். எத்தனை நாளுக்கு ஒருமுறை தோல் மாற்றுவார்கள், எப்படி எண்ணெய் போட்டு ஊறவைப்பார்கள், கூலியாக எத்தனை வள்ளம் தானியம் அளந்தார்கள் என்று மணிக்கணக்கில் சொன்னார். போகும்போது, "உங்க வீட்டுத் திண்ணையை நான் பாத்திருக்கறேன், உக்காந்ததில்லீங்க அம்மணி" என்றார். அதை அப்படியே என் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். திண்ணையின் நீளம் 14 அடி, அகலம் 3 அடி, அதன்மீது யார் உட்கார முடிந்தது, யாரால் முடியவில்லை. மூன்றும் சேர்ந்ததுதான் அந்தத் திண்ணையின் வரலாறு. இதை எழுதினால் குடும்பத்துக்கு இழுக்கு என்று யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பேச்சைப் பதிவு செய்யும் முன் சம்மதம் கேளுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டுங்கள். பிரதி ஒன்றை அவர்களுக்கும் கொடுங்கள்.

மதிப்பை எழுதுவது

1979-இல் ஆஸ்திரேலியாவின் பர்ரா என்ற ஊரில் மரபிடங்களுக்கென ஒரு சாசனம் வகுத்தார்கள். உலகெங்கும் இத்துறையில் இருப்பவர்கள் அதை எடுத்தாள்கிறார்கள். ஓர் இடத்தின் மதிப்பை அழகு, வரலாறு, அறிவியல், சமூகம், ஆன்மிகம் என்று பார்க்கச் சொல்வது அது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி இந்த ஐந்தையும் கேட்டுப் பாருங்கள். எல்லாக் கட்டத்தையும் நிரப்ப வேண்டும் என்று இல்லை. எங்கள் கட்டுத்தரைக்கு அழகு என்று எழுத எதுவும் இல்லை. அந்த இடத்தை வெறுமையாக விட்டேன். கிணற்று மேட்டுக்கு அறிவியலில் அரைப் பக்கம் வந்தது. வீட்டின் செதுக்குத் தூண்களைப் பற்றி நான் எழுதியது நான்கு வரி. அவை நேர்த்தியானவை, ஆனால் அந்த மாதிரித் தூண்கள் எங்கள் வட்டாரத்தில் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்கும்படி நிற்கும் கிணறு, வாய்க்கால், களம், கட்டுத்தரை, எருக்குழி ஆகியவைதான் அரிது. உங்கள் பண்ணையிலும் கட்டடத்தைத் தனித்தனியாக மதிப்பிட்டு முடித்த பின், அவற்றை இணைக்கும் தடங்களுக்கு ஒரு பக்கம் கண்டிப்பாக வையுங்கள்.

வயலோரத்தில் நடுகல்லோ எழுத்துள்ள கல்லோ இருந்தால் இருக்கும் இடத்திலேயே விட்டுவிட்டு மாநிலத் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். பெட்டியில் ஏட்டுச் சுவடி இருந்தால் சுத்தம் செய்கிறேன் என்று நீங்களாக எண்ணெய் தடவாதீர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம் போன்றவையும் எழுபத்தைந்து ஆண்டு கடந்த சுவடிகளும் தொல்பொருள். பழைய சாமான் வாங்க வருகிறவரிடம் விலை பேசும் விஷயம் இல்லை. கட்டடத்தைப் பற்றி ஆலோசனை கேட்க, மரபுச் சின்னங்களைக் காக்க 1984-இல் தொடங்கிய இன்டாக் அமைப்புக்குக் கோவை உள்படப் பல ஊர்களில் கிளைகள் உண்டு.

பழுது பார்ப்பது

முதலில் எங்கள் தவறு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மேற்குச் சுவரில் சுண்ணாம்புக் காரை உதிர்கிறது என்று சிமெண்ட் பூசினோம். சுவர் மண்ணும் செங்கல்லும் கலந்தது. அடியிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. சிமெண்ட் அதை அடைத்துவிட்டது. ஐந்தாம் ஆண்டிலேயே இடுப்பளவு உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பூச்சைத் தட்டினால் வெற்றொலி. பெயர்த்துப் பார்த்தபோது உள்ளே செங்கல் கையில் மாவாக வந்தது.

உங்கள் சுவரில் எது இருக்கிறது என்று அறிய ஆணியால் சுரண்டுங்கள். வெண்தூளாக உதிர்ந்தால் சுண்ணாம்பு. சாம்பல் நிறத்தில் ஆணிக்கு அசையாமல் நின்றால் சிமெண்ட். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புதான். நீற்றிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறவைத்த நீரும் கருப்பட்டியும் என்று எங்கள் கொத்தனார் கலந்தார். நீற்றிய சுண்ணாம்பு எத்தனை நாள் ஊறுகிறதோ அத்தனை நல்லது. மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை பூசி, ஒவ்வொன்றும் மெதுவாகக் காயும்படி ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள். சித்திரை வெயிலில் இந்த வேலையைத் தொடாதீர்கள். கொத்தனாரிடம் கூலி பேசும் முன் அவர் சுண்ணாம்பில் செய்த பழைய வேலை ஒன்றைப் போய்ப் பாருங்கள்.

மர வேலையில், உளுத்த பகுதியை மட்டும் வெட்டி அதே சாதி மரத்தால் ஒட்டுப் போட முடியும்போது முழு உத்திரத்தை மாற்றாதீர்கள். ஓட்டைப் பிரிக்கும்போது வரிசைக்கு எண் போட்டு அடுக்குங்கள். முத்திரை உள்ள ஓடு ஒன்றைத் தனியே எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

பங்கு பிரிப்பது

எங்கள் முடிவையும் சொல்லிவிடுகிறேன். சாளையின் தெற்கு அறையை, அதுதான் பின்னால் ஒட்டியது, தம்பி இடித்துத் தன் பங்கில் புது வீடு கட்டிக்கொள்கிறான். எனக்கு வருத்தமில்லை. சாளை அண்ணனுக்கு. கிணறு, கவலைச் சரிவு, கட்டுத்தரை, களம் நான்கும் மூவருக்கும் பொது. மூவர் கையெழுத்தும் இல்லாமல் இடிக்கவோ மூடவோ விற்கவோ கூடாது என்று பாகப்பிரிவினைப் பத்திரத்தில் எழுதி, அளவு போட்ட வரைபடத்தையும் இணைத்துப் பதிவு செய்தோம். வழக்கறிஞரிடம் போகும்போது பதிவேட்டையும் கையோடு கொண்டுபோங்கள். எது பொது, ஏன் பொது என்று அவரால் வேறெப்படியும் எழுத முடியாது.

பதிவேட்டை மூன்று பிரதி எடுங்கள். ஒன்று சாளையில், ஒன்று வெளியூரில் இருக்கும் பங்காளியிடம், ஒன்று உள்ளூர் நூலகத்திலோ பள்ளியிலோ. கைப்பேசியில் மட்டும் வைத்திருந்தால் அது பதிவேடு ஆகாது.

இனி ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசி முடிவதற்குள் ஏணி வைத்து ஏறி, நகர்ந்த ஓட்டைச் சரிசெய்து, கூரைப் பள்ளத்தில் சேர்ந்த வேப்பஞ்சருகை அள்ளிவிடுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்யும் நேரம் குடையோடு ஒரு சுற்று வந்து, தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்தச் சுவரில் தெறிக்கிறது என்று பார்த்து, தேதி போட்டுப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள்.